கடல் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்டீர்கள்? ட்ரையத்லான் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மாசி மாதத்தில் நீங்கள் நடத்திய ஸ்பிரின்ட் ட்ரையத்லானில் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. பெண்கள், 40 முதல் 44 வயதுப் பிரிவு. மேடையேறிப் பரிசு வாங்கும் ஆள் இல்லை. வங்கியில் வேலை, வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை, பால் பாக்கெட் வருவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் என் விளையாட்டு வாழ்க்கை. உங்கள் பந்தயங்களுக்குப் பணம் கட்டி வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம்தான் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் அமைப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவரைப் பிடித்துத் திட்டுவதற்காக எழுதும் மடல் இல்லை இது. இந்தக் கரையில் பந்தயம் நடத்துகிற எல்லோருக்கும், இனி நடத்தப் போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பந்தயம் முடிந்த மறுநாள் ஒரு கருத்துப் படிவம் அனுப்பினீர்கள். பதிவு செய்வது எளிதாக இருந்ததா, காலை உணவு எப்படி, புகைப்படங்கள் பிடித்திருந்தனவா, நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். பொங்கல் நன்றாக இருந்தது. அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். கடலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நான் சொல்ல வேண்டியது முழுக்க அதைப் பற்றித்தான் என்பதால் படிவத்தில் இடம் போதவில்லை.

இந்த விளையாட்டை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், இடையில் நிற்காமல் அடுத்தடுத்து. ஒலிம்பிக்கில் வீரர்கள் போகும் தூரத்தில் சரிபாதி. சைக்கிளில் காற்று இறங்கினால் சாலையோரம் ஒதுங்கலாம். ஓட்டத்தில் மூச்சு வாங்கினால் நடக்கலாம், மரத்தடியில் உட்காரவும் செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீச்சலில் மட்டும் ஒதுங்க ஓரம் கிடையாது.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த ட்ரையத்லான்களில் நேர்ந்த திடீர் மரணங்கள், இதயம் நின்றுபோன சம்பவங்கள், விபத்துச் சாவுகள் எல்லாவற்றையும் தொகுத்த மருத்துவ ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது தண்ணீரில். கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவுதான். வீட்டில் உட்கார்ந்திருங்கள் என்று சொல்கிற கணக்கு இல்லை அது. ஆனால் எந்த இடத்தில் அதிகக் கண் வைக்க வேண்டும் என்று அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது ஐம்பதை நெருங்கியது, பெரும்பாலோர் ஆண்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. உங்கள் பதிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டி, உடம்பைச் சரிசெய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு சைக்கிள் வாங்கிய அண்ணன்மார்தான் அதில் பாதிப் பேர் இருப்பார்கள்.

இதில் நமக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. குளிர் நாடுகளில் இறங்குகிறவர்கள் ரப்பர் உடையான வெட்சூட் போட்டுக்கொள்கிறார்கள். குளிருக்காகப் போடுவது என்றாலும் அது ஆளைக் கொஞ்சம் மிதக்கவும் வைக்கிறது. உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி, இந்த மாதிரிக் குறைந்த தூரப் போட்டிகளில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் பொதுப் பங்கேற்பாளர்கள் அதை அணிய முடியாது. நம் வங்காள விரிகுடா மாசியிலும் அதற்கு மேல்தான். அந்த உதவியும் இல்லாமல்தான் நாம் இறங்குகிறோம்.

நான் நீந்தக் கற்றது கல்யாணத்துக்குப் பிறகு, வேளச்சேரி நீச்சல் குளத்தில், பெண்களுக்கான நேரத்தில். ஐம்பது மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது பதினைந்து நீளம். அடியில் கறுப்புக் கோடு ஓடும். தலையைத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம், கோடு எங்கே போகிறதோ அங்கே போகலாம். ஒவ்வொரு நீளத்தின் முடிவிலும் சுவர் இருக்கும், தொட்டு ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. அலை தூக்கும்போது மட்டும் பாதையைக் காட்டும் மிதவை தெரியும். கீழே இறங்கினால் சுற்றிலும் தண்ணீர்ச் சுவர். இது தெரிந்துதான் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துப் பக்கம் போய், அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் பையன்களைக் கூட வைத்துக்கொண்டு கடலில் பழகினோம். மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியதிலிருந்து குப்பத்துப் பிள்ளைகள் பலர் அந்தக் கரையில் தேர்ந்த ஆட்களாகிவிட்டார்கள். உடையும் அலையை எதிர்த்து நிற்கக் கூடாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் புகுந்து போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகனைவிட நாலு வயதுதான் மூத்த ஒரு பையன்.

பந்தயத்தன்று விடிவதற்கு முன்பே வந்துவிட்டோம். கையிலும் கெண்டைக்காலிலும் மார்க்கர் பேனாவால் எண் எழுதினார்கள். கணுக்காலில் நேரம் பதியும் சிப்பைக் கட்டினார்கள். அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. சைக்கிளைத் தாங்கியில் மாட்டிவிட்டு, காலணி, ஹெல்மெட், இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் துண்டின்மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனேன். நீச்சல் பாதைக்குக் கொஞ்சம் வடக்கே, ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் ஒரு பெரியவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“இன்னாமா, இதுலியா நீந்தப் போறீங்க?”

“ஆமாண்ணே. கடல் எப்படி இருக்கு?”

“நேத்து வரிக்கும் வன்னி ஓடிச்சு. ராத்திரி தெண்டி திரும்பிடுச்சு. வடக்கால தள்ளும். அந்தோ அந்த மொதோ பந்துலேர்ந்து ரெண்டாவது பந்துக்குப் போறீங்க பாரு, அப்பதான் தெரியும்.”

வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கி ஓடும் வெள்ளம் மாசி, பங்குனி வாக்கில் வடக்கு நோக்கித் திரும்பும். இந்தக் கரையில் மீன் பிடிக்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்கள் தேதி குறித்தது சரியாக அந்தத் திருப்பத்தில். தேதியைக் குறை சொல்லவில்லை. தை, மாசியைவிட்டால் நமக்குக் கடல் இவ்வளவு அடங்கி இருக்கும் மாதங்கள் குறைவு. ஆனால் திரும்பும் பருவத்தில் முந்தின வாரம் ஒத்திகை பார்த்தது பந்தயத்தன்று செல்லாது.

உங்கள் பாதைக்கு மூன்று பக்கம். கரையிலிருந்து நேராக முதல் மிதவை, அங்கிருந்து கரைக்கு இணையாகத் தெற்கே இரண்டாவது மிதவை, பிறகு நேராகக் கரை. நடுவில் இருப்பதுதான் நீளமான பக்கம். அது தெண்டிக்கு நேர் எதிரே. எங்களைத் தெற்கு முனையில் இறக்கி, தெற்கு மிதவையை முதலில் தொட்டு வடக்கே வரும்படி விட்டிருந்தால் அதே வெள்ளம் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஒரு மிதவையைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு, படகில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல், தீர்ந்தது. பெரியவர் சொன்னதை நான் மைக் பிடித்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன். “எல்லாம் செக் பண்ணியாச்சு மேடம், கடல் ஃப்ளாட்டா இருக்கு” என்றார். அலை சிறிதாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. கரையிலிருந்து பார்த்தால் அலை தெரியும், நீரோட்டம் தெரியாது.

எல்லோரையும் ஒரே விசிலில் இறக்கினீர்கள். வயதுப் பிரிவாக இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் விடுவதாகக் கையேட்டில் எழுதியிருந்தது. தாமதமாகிவிட்டதால் அதை விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். முதல் அலைக்கே யாரோ ஒருவரின் குதிகால் என் கண்ணாடியில் பட்டு, இடது கண்ணில் உப்புத் தண்ணீர். அதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை, இந்த விளையாட்டில் உதை வாங்காதவர் யாரும் இல்லை. உடையும் அலைகளைத் தாண்டியதும் மூச்சு சீரானது. முதல் மிதவைவரை குறை இல்லை. ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்பியபோது வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. சுகமாகவே இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

பிறகுதான் பெரியவர் சொன்னது. ஆறு வீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி மிதவையைப் பார்ப்பது என் பழக்கம். பார்க்கிறேன், நீந்துகிறேன், பார்க்கிறேன், மிதவை அதே இடத்தில். கரையில் ஒரு மஞ்சள் பந்தல் இருந்தது. வலது பக்கம் மூச்சு எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். எத்தனை தடவை மூச்சு எடுத்தாலும் அதே மஞ்சள் பந்தல். வேகமாக நீந்தத் தெரிந்தவர்கள் வெள்ளத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களைப் போன்ற மெதுவான ஆட்கள் தறியின் நாடா போல அங்கேயே கிடந்து அலைந்தோம். எனக்குப் பக்கத்தில் நீலத் தொப்பி அணிந்த ஒருவர், முகத்தைத் தண்ணீரில் வைக்கவே முடியாமல், நாய் நீச்சலில் கையை அடித்துக்கொண்டிருந்தார். “அண்ணா, மல்லாந்து படுங்க, மல்லாந்து படுங்க” என்று கத்தினேன். காதில் விழுந்ததா தெரியவில்லை.

ஒரு கயாக் வந்தது. நான் அதன் முனையைப் பிடித்துக்கொண்டேன். அதில் இருந்த தன்னார்வலருக்குக் கல்லூரி வயது. “மேடம், பிடிக்காதீங்க, டிஸ்குவாலிஃபை ஆயிடுவீங்க” என்றார். விட்டுவிட்டேன்.

இங்கேதான் எனக்குக் கோபம். உலக ட்ரையத்லான் விதியில், நீந்துகிறவர் மிதவையையோ நின்றுகொண்டிருக்கும் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். கையைத் தலைக்கு மேல் தூக்கி உதவி கேட்டு, மீட்பவர்கள் வந்து உதவினால்தான் போட்டியை விட்டு வெளியேற வேண்டும். இரண்டும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுச் சான்றிதழுக்காகவும் ஆர்வத்துக்காகவும் வந்த பிள்ளை. ஆனால் ‘பிடித்தால் போட்டி போச்சு’ என்று நினைத்துக்கொண்டு பிடிக்காமல் விடுகிற ஆள்தான் அடுத்த நிமிடம் மூழ்குகிற ஆள். ரோஷம் பிடித்தவர்கள்தான் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நீலத் தொப்பிக்காரரைக் காப்பாற்றியது உங்கள் கயாக் இல்லை. இரவு வலை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டுமரம். இரண்டு பேர் இருந்தார்கள். துடுப்பை நீட்டினார்கள், அவர் பிடித்துக்கொண்டார். கட்டுமரத்தில் ஏற்றி உட்கார வைத்து, முதுகைத் தட்டி வாந்தி எடுக்க வைத்து, கரையில் கொண்டுவந்து விட்டுவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் யார் என்று நீங்கள் விசாரித்தீர்களா என்று தெரியவில்லை. மேடையில் நன்றி சொன்ன பட்டியலில் அவர்கள் இல்லை. தொப்பிக்காரர் நலமாக இருக்கிறார். அவரிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் ஒரு ஃபைபர் படகும் இருந்தது. எங்களுக்கு நடுவே அது என்ஜினை ஓட்டிக்கொண்டு இரண்டு முறை போனது. அதில் இருந்தது படம் பிடிக்கிறவர். நீந்துகிறவர்கள் இருக்கும் இடத்தில் சுழலும் விசிறியோடு படகு வரலாமா என்று மீனவர் வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். என்ஜின் படகு வெளி வட்டத்தில் நிற்க வேண்டும். உள்ளே துடுப்புப் போடுவது மட்டும்தான் வரலாம், அது கயாக்காக இருக்கட்டும், கட்டுமரமாக இருக்கட்டும்.

நீச்சலை முடித்து மணலில் ஓடி வந்தபோது நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன் ஹெல்மெட்டின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. என் முன்னால் இருந்தவர் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டார். உடனே விசில். நடுவர் ஓடிவந்தார். சைக்கிளைத் திரும்ப மாட்டவைத்து, வாரைப் பூட்டிய பிறகுதான் விட்டார். சரியான காரியம், பாராட்டுகிறேன். ஏறும் கோட்டுக்கு முன் ஒருவர் பெடலில் கால் வைத்தார், அதற்கும் விசில். முன்னால் போகிறவரின் பின்னால் பத்து மீட்டருக்குள் ஒட்டிக்கொண்டு போகிறார்களா என்று பார்க்க மோட்டார் சைக்கிளில் ஆள். தரையில் இவ்வளவு விதி தெரிந்தவர்கள் தண்ணீரில் மட்டும் ஏன் விதியைப் பையனின் ஊகத்துக்கு விட்டீர்கள்?

சைக்கிள், ஓட்டம் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடியற்காலை எங்களுக்குப் பழக்கம்தான். வார இறுதியில் பாண்டிச்சேரிக்குப் பறக்கும் கார்களுக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே ஒரு புரிதல் உண்டு, அவர்கள் நிறுத்த மாட்டார்கள், நாங்கள் ஒதுங்கிவிடுவோம். திரும்பும் இடத்தில் போக்குவரத்துக் காவலர்கள் அருமையாக வேலை பார்த்தார்கள். எதிர்க்காற்றில் குனிந்து மிதித்துவிட்டு இறங்கி ஓடும்போது முதல் கிலோமீட்டர் தொடை நம்முடையது போலவே இருக்காது, அதற்குப் பழகியிருந்தேன். கடைசிச் சுற்றில் தண்ணீர் மேஜையில் காலித் தம்ளர்கள்தான் இருந்தன. கடைசியில் வருகிறவர்தான் வெயிலில் அதிக நேரம் ஓடுகிறார், அவரும் அதே கட்டணம்தான் கட்டியிருக்கிறார் என்று மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு உடை மாற்ற வைத்திருந்த கூடாரத்துக்கு ஒரு பக்கம் துணி இல்லை. நாங்களே புடவை கட்டி மறைத்துக்கொண்டோம்.

ஆனால் ஒன்றைத் தாண்டிப் போக முடியவில்லை. நீச்சலுக்கான நேர வரம்பைத் தாண்டிவிட்டார்கள் என்று சிலரை சைக்கிள் தாங்கியிலேயே நிறுத்திவிட்டீர்கள். அவர்கள் மெதுவானவர்கள் என்பதல்ல காரணம். குளத்தில் அதே 750 மீட்டரை வரம்புக்குள் முடிக்கக்கூடியவர்கள். பாதை வெள்ளத்துக்கு எதிரே இருந்ததால் தாண்டினார்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த ஒரு பெண் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். நிலைமையைப் பார்த்து வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் அங்கே யாருக்காவது இருந்ததா?

நான் கேட்பதும் அதுதான். கடலைப் பற்றிய முடிவை உங்கள் பந்தயத்தில் யார் எடுக்கிறார்கள்? பந்தய இயக்குநரா, விளம்பரதாரரா, மைக் பிடித்தவரா? கையேட்டில் புகைப்படக்காரரின் பெயர்வரை இருக்கிறது, இது இல்லை.

அந்த முடிவைக் கடல் தெரிந்தவர் கையில் கொடுங்கள். பக்கத்துக் குப்பத்தில் பெரியவர்களாகப் பார்த்து இரண்டு மூன்று பேர், உயிர்காப்பில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் சிலர். இப்போதும் நீங்கள் அவர்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று தெரியும். படகுக்கு வாடகை, ஆளுக்கு ஒரு பனியன், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அவர்களை வாடகைக்கு எடுப்பது வேறு, அவர்களைக் கேட்பது வேறு. முந்தின நாள் மாலையும் பந்தயத்தன்று காலையும் அவர்களோடு நின்று பேசுங்கள். பாதையைத் திருப்பு என்றால் திருப்புங்கள். இறங்க வேண்டாம் என்றால் இறக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் பேச முடியாது என்று எழுத்தில் இருக்கட்டும். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், நீரோட்டம் எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. தொலைவில் எழுந்து திடீரென்று கரையில் ஏறும் அலைக்கு, அதாவது கள்ளக்கடலுக்கு, எச்சரிக்கையும் தருகிறது. அதையும் பாருங்கள். அது பெரும்பரப்புக்கானது, உங்கள் இரண்டு மிதவைக்கு நடுவே என்ன ஓடுகிறது என்பதை வலையை உதறிக்கொண்டிருப்பவர்தான் சொல்வார்.

நீச்சலை ரத்து செய்தால் அது ட்ரையத்லானே இல்லை, பணம் கட்டியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்வீர்கள். சிலர் வருவார்கள், மறுக்கவில்லை. அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. நீச்சலைக் குறைக்கலாம், இல்லையென்றால் டுயத்லானாக மாற்றி 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், மறுபடி இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம் என்று நடத்தலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மழைக்குப் பிறகு சேன் நதித் தண்ணீர் சுத்தமில்லை என்று ஜூலை 30இல் நடக்க வேண்டிய ஆண்கள் போட்டியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். உலகமே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்க, மூன்று ஆண்டுகள் காத்திருந்த வீரர்கள் நிற்க, தள்ளிவைத்தார்கள். தண்ணீர் கடைசிவரை சரியாகவில்லையென்றால் டுயத்லான் என்ற ஏற்பாடும் கையில் இருந்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் பிரச்சினையானது கிருமிகளின் எண்ணிக்கை. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் குளிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்திருக்கிறது: நூறு மில்லிலிட்டரில் மலக் கோலிபார்ம் என்ற கிருமி 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது. கோவளம் கடற்கரை 2021இல், சுத்தமான கடற்கரைகளுக்கு உலக அளவில் தரும் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்குத் தண்ணீரைத் தவறாமல் சோதித்து முடிவைக் கரையில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். அப்படியொரு கரை பக்கத்திலேயே இருக்கும்போது உங்கள் கையேட்டில் தண்ணீர்ச் சோதனை பற்றி ஒரு வரியும் இல்லாதது ஏன்? மழை பெய்து முகத்துவாரம் உடைத்துக்கொண்டால் உப்பங்கழித் தண்ணீர் அப்படியே கடலில் இறங்குகிறது. அந்த வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தவர்கள் ‘எலக்ட்ரோலைட் ஒத்துக்கலை’ என்று தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். சோதித்து முடிவைப் போடுங்கள். நன்றாக இருந்தால் உங்களுக்குத்தான் பெருமை.

“கஷ்டம் இருந்தால்தானே சாகசம், எல்லாவற்றையும் மெத்தை போட்டுக் கொடுத்தால் எப்படி” என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1994இல் பாக் நீரிணையை நீந்தியபோது குற்றாலீசுவரன் சிறுவன். அவ்வளவு திறமையுள்ள பிள்ளைக்கும் பக்கத்திலேயே படகு போனது. அதனால் அந்தச் சாதனை சிறுத்துவிடவில்லை. பெசன்ட் நகர்க் கரையில் நிற்கிற ஷ்மிட் நினைவு மண்டபத்தின் முன்னால் நம்மில் பலர் ஓடிப் பழகுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். 1930இல் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது அது. இந்தக் கடலில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் போயிருக்கிறார்.

இந்த விளையாட்டின் முதல் போட்டி என்று சொல்லப்படுவது 1974 செப்டம்பரில் சான் டியாகோவின் மிஷன் பேயில் நடந்தது. அப்போது ஓட்டமும் சைக்கிளும் முதலில் வந்தன. மாலையில் தொடங்கியதால் கடைசியாக நீந்தியவர்கள் கரையேறுவதற்குள் இருட்டிவிட, கார் விளக்குகளைப் போட்டு வெளிச்சம் காட்டினார்களாம். இன்று உலகம் முழுக்க நீச்சல்தான் முதலில். களைத்துப்போன உடம்போடு ஆளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்ற அறிவு அனுபவத்தில் வந்தது. உங்களுக்கும் ஒரு பந்தயத்தின் அனுபவம் இப்போது கையில் இருக்கிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது உங்கள் நல்ல நேரம், எங்கள் நல்ல நேரம், கட்டுமரக்காரர்கள் அந்நேரம் திரும்பியது.

இன்னும் சில காரியங்கள். பதிவு செய்கிறவர்களிடம் கடலில் நீந்திய அனுபவம் உண்டா என்று கேளுங்கள். இல்லாதவர்களுக்கு முந்தின நாள் அதே இடத்தில் ஒரு மணி நேரப் பழக்கம் கட்டாயம் என்று வையுங்கள். கையேட்டில் எழுதிய வயதுவாரி இடைவெளியைத் தாமதமானாலும் விடாதீர்கள். கயாக்கில் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு விதியாவது மனப்பாடமாக இருக்கட்டும்: பிடித்துக்கொள்ளலாம். அதை நீந்தப் போகிற எங்களுக்கும் கரையிலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள்.

செலவாகும் என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் மூவர், கட்டுமரங்கள் ஐந்தாறு, பயிற்சி பெற்ற இளைஞர்கள் பத்துப் பேர், இரண்டு நாள் கூலி, கௌரவமான கூலி. பங்கேற்பாளர் தலைக்கு எவ்வளவு வருகிறதோ அதைக் கட்டணத்தில் வெளிப்படையாகத் தனி வரியாகப் போடுங்கள். பதக்கத்தைத் தகரத்தில் அடித்தாலும் சம்மதம். நான் கட்டுகிறேன், எங்கள் குழுவில் பேசிவிட்டேன், அவர்களும் கட்டுவார்கள். பெரியவரிடம் போய் யார் பேசுவது என்று தயங்கினால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன். காலை ஏழு மணிக்கு மேல் போனால் அவர் தூங்கிவிடுவார்.

இப்படிக்கு,
நாற்பதைத் தாண்டிய ஒரு பங்கேற்பாளர்